மூலையை விட்டு வராத நாய்: அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கம்

மீட்டு வந்த நாய் சோபாவுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. கை நீட்டினால் சுவருக்குள்ளேயே புகுந்துவிடுவதுபோல் ஒட்டிக்கொள்கிறது. 'கொஞ்ச நாள் பார்த்துக்கொள்கிறேன், நல்ல வீடு கிடைத்ததும் கொடுத்துவிடலாம்' என்று ஒப்புக்கொண்ட உங்களுக்கு இரண்டாம் நாளே வயிற்றைக் கலக்க ஆரம்பிக்கும்.

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் நாய் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒரு கேள்வியை மட்டும் எல்லாத் தலைப்புக்கும் கையோடு கொண்டுபோங்கள்: இந்த நிமிடம் இந்த நாய்க்கு விலகிப்போக வழி இருக்கிறதா? இதுவரை என்னிடம் தங்கிப்போன பயந்தாங்கொள்ளிகளிடம் நான் செய்த தவறுகளை எண்ணிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே அந்த வழியை நானே அடைத்துக்கொண்டு நின்ற தவறுகள்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: வலி இருக்கிறதா?

பயம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு வலியாக இருக்கும். சொத்தைப் பல், சீழ் பிடித்த காது, தேய்ந்த இடுப்பு மூட்டு, கோணலாகக் கூடிய பழைய எலும்பு முறிவு, இப்படி எதுவும் இருக்கலாம். சில நாய்களுக்குக் கண்ணோ காதோ மங்கியிருக்கும். அவை நாம் வருவதை அறியாமல் திடுக்கிடுகின்றன. ஆகவே கால்நடை மருத்துவர் ஒருமுறை முழுவதுமாகப் பார்த்துவிட வேண்டும். அதற்காக வந்த மறுநாளே இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். காயம், இரத்தப்போக்கு, மூச்சுத் திணறல், விடாத வாந்தி எதுவும் இல்லையென்றால் சில நாள் பொறுக்கலாம். கூட்டமான காத்திருப்பு அறையில் உட்காராமல் வண்டியிலிருந்து நேரே உள்ளே போக முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கான வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபன் நாய்க்கு நஞ்சு.

மூலையில் உறைந்து கிடக்கிறது, அசைவே இல்லை

பார்ப்பவர்கள் 'எவ்வளவு சாதுவான நாய்!' என்பார்கள். அது சாது அல்ல. ஓடவும் முடியாது, சண்டையும் போட முடியாது என்று ஆன பிறகு உடல் எடுக்கும் கடைசி நிலை அது. தொட்டால் கல்போல் இருக்கும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும், வெயிலே இல்லாமல் இரைக்கும், அல்லது வாயை இறுக மூடியிருக்கும். தூக்கினால் எதிர்க்காது. எதிர்க்கவில்லை என்பதால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நாய்களை வைத்துக் கொடூரமான ஒரு சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் நிற்காத மின் அதிர்ச்சியை வாங்கிப் பழகிய நாய்களை, சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் பிறகு விட்டார்கள். பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை, படுத்துக் கிடந்தன. கையறு நிலையைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, 2016-இல், அதே இருவரும் அந்த விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது உடலின் இயல்பான பதில். கற்றுக்கொள்ள வேண்டியது 'நான் ஏதாவது செய்தால் பலன் உண்டு' என்பதைத்தான். மூலையில் கிடக்கும் நாய்க்கு நீங்கள் சொல்லித்தர வேண்டிய முதல் பாடமும் அதுதான். உட்கார், வா எல்லாம் எங்கேயும் ஓடிப்போகாது.

எப்படிச் சொல்லித்தருவது? முதலில் இடம். ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறையில் கதவு கழற்றிய கூண்டோ, பக்கவாட்டில் வைத்த பெரிய அட்டைப்பெட்டியோ வையுங்கள். மூன்று பக்கமும் துணியால் மூடுங்கள். தண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கட்டிலடி, சாய்வு நாற்காலியின் அடி போன்ற இடங்களை முதல் நாளே அடைத்துவிடுங்கள். அவசரத்துக்கு நீங்கள் கை விட்டு எடுக்க முடியாத இடம் ஒளிவதற்கு ஆகாது. பெட்டிக்குள் இருக்கும்போது யாரும் தொடக்கூடாது, குனிந்து பார்க்கக்கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் தரையில் கயிறு போட்டு எல்லை காட்டிவிடுங்கள்.

அப்புறம் நீங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, பத்துப் பதினைந்து நிமிடம், அறையின் எதிர்மூலையில் தரையில் உட்காருங்கள். முகத்தைக் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார வேண்டும். புத்தகத்தைச் சன்னமாக வாய்விட்டுப் படிக்கலாம். எழுந்து போகும்போது நாலு துண்டு நல்ல தீனியை அதன் பக்கம் உருட்டிவிட்டுப் போங்கள். நாய் தலையைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விட்டாலோ நீங்கள் அரையடி பின்னால் நகருங்கள். 'நான் தலையைத் திருப்பினேன், அந்த ஆள் நகர்ந்துவிட்டான்.' பாடம் முடிந்தது.

மிளகு என்று ஒரு கறுப்புக் குட்டை நாய் என்னிடம் இருந்தது. பதினோரு நாள் நான் இருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு அதே அறையில் பாயில் படுத்திருந்தேன். சளப், சளப் என்று நாக்கு தண்ணீரில் படும் சத்தம். புரண்டு படுக்கக்கூட பயமாக இருந்தது எனக்கு. குடித்து முடித்து, முன்னங்கால் இரண்டையும் நீட்டி, முதுகை வளைத்து ஒரு சோம்பல் முறித்தது. நகம் தரையில் கீறும் ஒலியில் தெரிந்துகொண்டேன். சோம்பல் முறிப்பு, உடம்பை உதறுவது, தரையை மோப்பம் பிடிப்பது, ஒருக்களித்துப் படுப்பது, நீளமாக ஒரு பெருமூச்சு: பயம் இறங்குவதற்கு இவைதான் அடையாளம். வாலாட்டத்தை நம்பாதீர்கள். பதற்றத்திலும் வால் ஆடும்.

காப்பகத்துக்காரர்கள் 3-3-3 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். திகைப்பு அடங்க 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், தன் வீடு என்று உணர 3 மாதம். சராசரி நாய்க்கு அது சரி. மிகவும் பயந்த நாய்க்கு 'நாள்' என்பதை 'வாரம்' என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடவில்லை

முதல் ஓரிரு நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். பார்க்க வேண்டியது, நீங்கள் இல்லாதபோது சாப்பிடுகிறதா என்பது. இரவு தட்டை வைத்துவிட்டு வெளியேறுங்கள், காலையில் பாருங்கள். முடிந்தால் ஒரு சின்னக் கேமரா வைத்துவிடுங்கள். பாதிக் கவலை அதிலேயே தீரும். 'ஒன்றுமே தின்பதில்லை' என்று நான் புலம்பிய நாய் ஒன்று, விடியற்காலை மூன்று மணிக்கு என் செருப்பைத் தலையணையாக வைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுவதைக் கேமராவில்தான் பார்த்தேன்.

இரவிலும் தொடவில்லையென்றால் பாத்திரத்தைக் கவனியுங்கள். ஆழமான எவர்சில்வர் கிண்ணத்தில் தலையை விட்டால் நாய்க்கு அறை தெரியாமல் போகும். கழுத்துப் பட்டையின் தகடு விளிம்பில் 'டிங்' என்று பட்டால் தீர்ந்தது. தட்டையான தட்டு, அல்லது வெறும் பாய்விரிப்பு போதும். இடத்தையும் பாருங்கள். சாப்பிடும்போது கதவுக்கு முதுகு காட்ட வேண்டியிருந்தால் பயந்த நாய் சாப்பிடாது. வெதுவெதுப்பான ஈர உணவுக்கு வாசனை அதிகம் என்பதால் காய்ந்த தீனியில் கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பிசறிக் கொடுக்கலாம். பழைய இடத்தில் என்ன தின்றது என்று கேட்டு அதையே சில நாள் தொடருங்கள். மனமும் வயிறும் ஒரே நேரத்தில் மாறினால் பேதிதான் மிச்சம்.

தண்ணீரே குடிக்காமல் ஒரு நாள், அல்லது எதுவுமே தின்னாமல் இரண்டு நாள் போனால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குட்டி என்றாலோ, வாந்தி, பேதி, சோர்வு கூடவே இருந்தாலோ அவ்வளவு காத்திருக்கக் கூடாது.

பட்டினி போட்டால் கைக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று யோசனை சொல்ல ஒருவராவது இருப்பார். வரும். ஆனால் பயத்தையும் பசியையும் மோதவிட்டு வரவழைத்த நாய், பசி தீர்ந்ததும் முன்னைவிட ஒரு அடி தள்ளியே நிற்கும். சாப்பாடு தினமும் இலவசமாகக் கிடைக்கட்டும். பாடத்துக்கு வேறு ருசியான தீனி வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர் கழிப்பதே இல்லை, அல்லது வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறது

வெளியே நின்றால் அடக்கிக்கொள்கிறது, உள்ளே வந்ததும் மூலையில் போய்விடுகிறது. இது அடம் அல்ல. வெளியே அதற்குப் பாதுகாப்பு இல்லை, அவ்வளவுதான். வெளியே போகும் நேரத்தை ஊர் அடங்கிய வேளைக்கு மாற்றுங்கள், ஒரே இடத்துக்குப் போங்கள், முகத்தைப் பார்க்காமல் நில்லுங்கள். கதவு தாண்டவே நடுங்கும் நாய்க்கு முதல் சில வாரம் வீட்டுக்குள்ளேயே ஒரு தட்டில் மண்ணோ புல்தரைத் துண்டோ உறிஞ்சும் விரிப்போ போட்டுவிடுங்கள். பிறகு பழக்கம் மாற்றுவது கடினமாகிவிடுமே என்ற கவலை வேண்டாம். பயம் போனதும் பெரும்பாலான நாய்கள் தாமாகவே வெளியே போக விரும்பும்.

நீங்கள் கிட்டே வந்து குனிந்ததும் சொட்டுச் சொட்டாகப் போகிறதா? அது பணிவும் பயமும் சேர்ந்து வருவது. திட்டினால் கூடும். குனியாதீர்கள், நேராக நடக்காதீர்கள், வாசலில் வந்து வரவேற்கும்போது கண்டுகொள்ளாமல் உள்ளே போய்விடுங்கள். துடைப்பதற்கு நொதி கலந்த சுத்திகரிப்பான் நல்லது. அமோனியா வாடை உள்ளதை வாங்காதீர்கள், நாய் மூக்குக்கு அதுவே சிறுநீர் மாதிரிதான்.

24 மணி நேரம் ஒரு சொட்டும் போகவில்லை, அல்லது முக்கியும் வரவில்லை என்றால் பயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கையிலிருந்து தீனியைப் பறித்துக்கொண்டு ஓடிவிடுகிறது, தொடவிடவில்லை

இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கையில் தீனியை நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரவைப்பது. கழுத்து மட்டும் நீண்டு வரும், பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராக அங்கேயே நிற்கும். வாயில் கவ்விய அடுத்த நொடிதான் நாய்க்கு உறைக்கிறது: 'ஐயோ, இவ்வளவு பக்கத்திலா வந்துவிட்டேன்?' அப்போதுதான் நாம் கையைத் தூக்கித் தடவப் பார்ப்போம். மறுநாள் தீனியைக் கண்டாலே சந்தேகம்.

மாற்றிச் செய்யுங்கள். தீனியை நாய்க்குப் பின்னால் எறியுங்கள். அது திரும்பிப் போய்த் தின்னும், தின்றுவிட்டுத் தானாக ஓரடி உங்கள் பக்கம் வரும். மறுபடி பின்னால் எறியுங்கள். பக்கம் வருவது அதன் முடிவு, விலகிப்போக விடுவது நீங்கள் தரும் பரிசு. பின்னங்காலைப் பாருங்கள், அது உடம்புக்குக் கீழே தளர்வாக வந்து நிற்கும் நாள், அடுத்த படிக்குப் போகலாம். எறியும் கை தோளுக்கு மேல் போகக் கூடாது. கல்லடி பட்ட நாய்க்கு ஓங்கிய கை எல்லாம் ஒன்றுதான். தரையோடு உருட்டிவிடுங்கள்.

தொடும் கட்டம் வந்ததும் மூன்று நொடிக் கணக்கு. தலைக்கு மேலாகக் கை போகாமல், தோள்பட்டையிலோ நெஞ்சிலோ கையின் புறப்பக்கத்தால் மூன்று நொடி தடவுங்கள். கையை எடுத்துவிடுங்கள். நாய் சாய்ந்து வந்தால், மூக்கால் கையை முட்டினால், இன்னொரு மூன்று நொடி. அசையாமல் நின்றால் அது 'வேண்டாம்'. சும்மா நிற்கிறதே என்று தொடர்ந்து தடவுவதைத்தான் நாம் அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

உறுமுகிறது, பல்லைக் காட்டுகிறது

நல்லது. பேசுகிறது.

உறுமலுக்கு அடித்தாலோ அதட்டினாலோ உறுமல் நின்றுவிடும், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடி விழும். 'சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது' என்று வரும் நாய்கள் சிலவற்றுக்கு இப்படி வாய் கட்டப்பட்ட வரலாறு இருக்கும். உறுமினால் அப்படியே நில்லுங்கள், பார்வையைத் திருப்புங்கள், மெதுவாக விலகுங்கள். அதன் பிறகு உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இடம், எவ்வளவு தூரம், யார், கையில் என்ன. மூன்று நாள் குறிப்பில் ஒரு ஒழுங்கு தெரிந்துவிடும். பெரும்பாலும் நாய் படுத்திருக்கும்போது மேலே கவிழ்ந்தது, தட்டுப் பக்கம் போனது, ஒடுக்கமான வழியில் எதிர்ப்பட்டது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கூண்டு வகை வாய்க்கவசம் வாங்கி, அதன் உள்ளே ஈர உணவைத் தடவித் தானாக மூக்கை விடப் பழக்குங்கள். இதற்குச் சில வாரம் ஆகும். தேவைப்படும் நாளில் பழக்க முடியாது. துணியால் வாயை இறுக்கும் வகை வேண்டாம். அதில் நாய் இரைக்கவோ தண்ணீர் குடிக்கவோ முடியாது.

கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். வரலாறு தெரியாத நாய் என்றால் வெறிநோய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், நாயை 10 நாள் கண்காணிப்பில் வையுங்கள். தெருவிலிருந்து வரும் நாய்களைத் தொடர்ந்து பார்த்துக்கொள்பவர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

ஹார்னஸைக் கண்டால் ஓட்டம். கயிறு மாட்டினால் மரம்

தீனியைக் காட்டி ஏமாற்றி, தலை வந்ததும் ஹார்னஸை (நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டையை) 'டக்' என்று மாட்டுவது ஒரே ஒரு முறைதான் பலிக்கும். அதற்குப் பிறகு தீனிதான் ஆபத்தின் அறிகுறி ஆகிவிடும். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் ஹார்னஸ் தெரிகிறது, அதற்குப் பின் தீனி வருகிறது, ஹார்னஸ் மறைந்தால் தீனியும் நின்றுவிடுகிறது.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்கு இதைத்தான் செய்தார், 1924-இல் எழுதியும் வெளியிட்டார். பையன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டு முயலை அவன் சாப்பாட்டைக் கெடுக்காத தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் முயல் அவன் மடியில். அந்தத் தூரம்தான் முக்கியம். ஹார்னஸைப் பார்த்து நாய் மெல்லுவதை நிறுத்தினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். அறைக்கு அந்தப் பக்கம் போய் மறுபடி ஆரம்பியுங்கள்.

தலை வழியாக மாட்டும் ஹார்னஸைவிடக் கழுத்திலும் கொக்கி உள்ளது பயந்த நாய்களுக்குச் சுலபம். கொக்கி சத்தத்துக்கும் தனியாகப் பழக்க வேண்டும். ஒரு பழைய கொக்கியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு 'கிளிக்', தீனி, 'கிளிக்', தீனி என்று நாள் முழுக்க விளையாடலாம். வெளியே போகும் நாள் வந்தால், விலா எலும்புக்குப் பின்னால் மூன்றாவது பட்டை ஓடும் வகைதான் பாதுகாப்பு. நெஞ்சு அகலமாக, இடுப்பு ஒடுங்கி இருக்கும் நாய்கள் சாதாரண ஹார்னஸிலிருந்து பின்பக்கமாக உருவிக்கொள்ளும். அதோடு, இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை ஒன்று கழுத்தில். இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. ஒன்று உங்கள் இடுப்பில் கட்டியிருக்கட்டும். தானாக நீண்டு சுருங்கும் பிளாஸ்டிக் கைப்பிடிக் கயிறு வேண்டவே வேண்டாம். கை நழுவினால் அந்தப் பிடி கடகடவென்று தரையில் உருண்டு நாயையே துரத்தும்.

கயிற்றில் மரமாக நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். கயிறு தளரும்படி ஒரு அடி திரும்பி வாருங்கள், காத்திருங்கள். வீட்டுப் பக்கம் திரும்பினால் திரும்பி விடுங்கள். தினமும் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று பயந்த நாய்க்கு எந்தச் சட்டமும் இல்லை. வாசற்படியில் பத்து நிமிடம் உட்கார்ந்து தெருவை மோந்து பார்த்தால் அன்றைக்கு அதுவே நடை.

கதவிடுக்கில் நழுவி ஓடிவிட்டது

இதை இப்போதே படித்துவையுங்கள். முதல் சில வாரங்களில்தான் ஆபத்து மிக அதிகம். வரும் நாளன்றே பட்டையில் உங்கள் தொலைபேசி எண், தோலடியில் மைக்ரோசிப் (அடையாள எண் உள்ள சின்னச் சில்லு), வெளிக்கதவுக்கு உள்ளே இன்னொரு தடுப்பு, மூன்றும் இருக்க வேண்டும். சிப்பில் யார் எண் பதிவாகியிருக்கிறது என்பதையும் சரிபாருங்கள்.

ஓடிவிட்டதா? துரத்தாதீர்கள். பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் பத்துத் திசையில் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினால், பக்கத்துப் புதரில் பதுங்கியிருந்திருக்கும் நாய் அடுத்த ஊருக்குப் போய்விடும். மிரண்ட நாய்க்கு அந்த நேரம் நீங்களும் ஒரு வேட்டைக்காரர்தான். கண்ணில் பட்டால் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள், தீனியைச் சுற்றிலும் போடுங்கள், பார்க்காதீர்கள். கண்ணில் படவில்லையென்றால் ஓடிய இடத்தில் அது படுத்த விரிப்பையும் நீங்கள் உடுத்திய துணியையும் வாசனையான சாப்பாட்டையும் வைத்து, தூரத்திலிருந்து கவனியுங்கள். சுவரொட்டியில் 'பார்த்தால் பிடிக்காதீர்கள், துரத்தாதீர்கள், கூப்பிடுங்கள்' என்பதைப் படத்தைவிடப் பெரிதாக எழுதுங்கள். சாப்பாட்டுக்கு ஒரே நேரத்தில் வர ஆரம்பித்தால், மீட்பு அமைப்பிடம் கூண்டுப் பொறி இரவல் கேளுங்கள். இன்னொரு நாயோடு பழக்கமுள்ள நாய் என்றால் அந்த நாயைக் கட்டிக் கூட்டிப்போவது சில நேரம் எல்லாவற்றையும்விட வேலை செய்யும்.

ஆண்களைக் கண்டால் மட்டும் ஒடுங்குகிறது

'யாரோ ஆம்பளை அடிச்சிருக்கான்' என்று உடனே கதை கட்டிவிடுவோம். இருக்கலாம். ஆனால் நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் சாளரம் ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான் அகலத் திறந்திருக்கும். அந்த நாட்களில் கனத்த குரலையும் தாடியையும் தொப்பியையும் பார்க்காத குட்டிக்கு, ஒரு அடியும் படாமலேயே பிறகு அவை பயமாக இருக்கும். காரணம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். வீட்டில் இருக்கும் ஆண் சாப்பாடு போடும் ஆளாக மாறி, கொஞ்ச நாள் கண்டுகொள்ளாதவராக நடிக்க வேண்டும். எழுந்து நிற்கும் கணத்தில்தான் நாய் அதிகம் பதறும். எழுவதற்கு முன் 'எழுந்திருக்கிறேன்' என்று எப்போதும் ஒரே சொல்லில் சொல்லிவிட்டு, ஒரு துண்டு தூர எறிந்துவிட்டு எழட்டும்.

இடி, பட்டாசு, குக்கர் விசில்

நடுங்கும் நாயை அணைத்தால் பயத்தை வளர்க்கிறோம் என்று ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது. பயம் ஒரு உணர்ச்சி, தந்திரம் அல்ல; ஆறுதல் சொல்லி அதைக் கூட்ட முடியாது. உங்களிடம் வந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக்குள் போய் ஒளிந்தால் அங்கேயே விடுங்கள், விரிப்பை அங்கே போடுங்கள். சன்னலை மூடித் திரையிட்டு, மின்விசிறியின் ஓசையை ஓடவிடுங்கள். ஒவ்வொரு 'டமார்'க்குப் பின்னும் ஒரு துண்டு தீனி. தின்றால் கற்றுக்கொள்கிறது, தின்னவில்லையென்றால் அன்றைக்குப் பாடம் இல்லை, மறைப்பு மட்டும்தான். இத்தனை நாள் சத்தத்தைக் கண்டுகொள்ளாத வயதான நாய் திடீரென்று பயப்பட்டால் மூட்டு வலியைச் சந்தேகியுங்கள். திடுக்கிடும்போது உடல் இறுகி, வலியும் சத்தமும் ஒன்றாகப் பதிந்துவிடும்.

நன்றாக இருந்தது, திடீரென்று முதல் நாளுக்குத் திரும்பிவிட்டது

கடந்த இரண்டு மூன்று நாளைத் திரும்பிப் பாருங்கள். ஒரு காரணம் கிடைக்காது, நாலைந்து கிடைக்கும். திங்கள் தடுப்பூசி, செவ்வாய் விருந்தாளி, இரவு இடி, புதன் காலை வாசலில் புது நாய். தனித்தனியாக எல்லாவற்றையும் தாங்கியிருக்கும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியதால் கடைசியில் வந்த பால்காரர் சத்தத்துக்குப் பெட்டிக்குள் போய்விட்டது. இரண்டு மூன்று நாள் வழக்கத்தைச் சுருக்குங்கள்: அதே ஆள், அதே நேரம், அதே அறை, நடை வேண்டாம். நன்றாகத் தூங்கட்டும். பிறகு, கடைசியாகச் சுலபமாகச் செய்த படியிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டாம் முறை ஏறுவது வேகமாகவே நடக்கும்.

காரணம் எதுவுமே கிடைக்கவில்லையென்றால் மறுபடி வலி.

சில சமயம் பின்னடைவு போலத் தெரிவது முன்னேற்றம். மூன்றாம் வாரத்தில் முதல் தடவையாக ஒரு நாய் உறுமுகிறது, குரைக்கிறது, வேண்டாததை விட்டு எழுந்து போகிறது. அதுவரை அதற்கு அந்தத் தைரியமே இருந்திருக்காது.

மாதங்கள் போகின்றன, ஒன்றும் நகரவில்லை

நாட்குறிப்பு எழுதியிருந்தால் முதலில் அதைப் படியுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு நகர்வு தெரியாது. படித்தும் ஒன்றும் இல்லையென்றால், நாய் நடத்தையில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரிடம் மருந்தைப் பற்றிப் பேசுங்கள். மருந்து என்றதும் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். எந்நேரமும் அலாரம் அடிக்கும் மூளையில் பாடம் ஏறாது. அலாரத்தைத் தணிப்பதுதான் மருந்தின் வேலை. ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற தினசரி மருந்து முழுப்பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். பத்தாம் நாள் 'வேலை செய்யலை' என்று நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதும் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான். அசிப்ரோமசீன் மட்டும் எழுதித் தந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். அது உடம்பை மயக்கும், பயத்தைத் தொடாது. நகர முடியாமல் பயந்துகொண்டு கிடப்பது நாம் தொடங்கிய இடம்.

மிகவும் பயந்த நாய்களுக்கு மட்டுமே என்று அமெரிக்காவில் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு ஒரு மறுவாழ்வு மையம் நடத்துகிறது, வட கரோலினாவின் வீவர்வில்லில். அங்கு கையாண்ட முறையைப் பற்றி 2022-இல் வெளியான அறிக்கை, 441 நாய்களில் 86 சதவீதம் தேறி வெளியேறியதாகச் சொல்கிறது. தினமும் சின்னச் சின்ன வகுப்புகள், தைரியமான துணை நாய்கள், தேவைப்பட்டால் மருந்து. மாயம் எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது மீதி 14 சதவீதத்தையும்தான். கைதேர்ந்தவர்களாலும் சில நாய்களை முழுதாக மாற்ற முடிவதில்லை. உங்கள் வீட்டில் ஒன்று அப்படி அமைந்தால் அது உங்கள் குற்றம் ஆகாது.

நல்ல வீடு கிடைத்துவிட்டது, ஆனால் அவர்கள் வந்தால் ஒளிந்துகொள்கிறது

ஒளியத்தான் செய்யும். ஒரே நாளில் கொடுத்து அனுப்பாதீர்கள். மூன்று நான்கு தடவை வரட்டும். வந்து, உங்களோடு பேசிவிட்டு, நாயைப் பார்க்காமல் நாலு துண்டு உருட்டிவிட்டுப் போகட்டும். இதைப் பொறுமையாகச் செய்ய முடியாதவருக்கு இந்த நாய் ஆகாது, அதுவே ஒரு பரிசோதனை. கொடுக்கும்போது பெட்டியை அதே துணியோடு, துவைக்காமல் கொடுங்கள். ஹார்னஸ், இரண்டு கயிறு, இப்போது தின்னும் தீனியில் இரண்டு வாரத்துக்கானது, மருந்து இருந்தால் அதன் சீட்டு. ஒரு தாளில் நீங்கள் வழக்கமாகச் சொல்லும் சொற்களை எழுதுங்கள், சாப்பாட்டுக்கு என்ன சொல்வீர்கள், எழும்போது என்ன சொல்வீர்கள் என்று. புது வீட்டில் மறுபடி மூலை, மறுபடி பட்டினி, மறுபடி இரவுத் தண்ணீர் எல்லாம் வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மிளகு போன வீட்டுக்காரர் ஒன்பதாம் நாள் இரவு ஒரு குரல்செய்தி அனுப்பினார். பேச்சு எதுவும் இல்லை. இருபது நொடி, சளப், சளப்.